சிங்கமும் சிறுத்தையும்: பழைய வெள்ளியின் முத்திரைகளைப் படித்தல்

பழைய ஆங்கிலேய வெள்ளிப் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால், அடிப்புறத்திலோ கைப்பிடியின் ஓரத்திலோ மிளகளவே உள்ள சில முத்திரைகள் வரிசையாகப் பதிந்திருக்கக் காணலாம். பலர் இவற்றை அலங்காரம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். நகைக்கடைக்காரர் சிலரோ 'இது சீமைச் சரக்கு' என்பதற்கான அடையாளம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் இவை படிக்கத் தகுந்த ஒரு வாசகம். அதற்கு இலக்கணம் உண்டு, காலந்தோறும் மாறிவந்த எழுத்தமைதி உண்டு, இடைச்செருகலும் உண்டு. சுவடியும் கல்வெட்டும் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வாசகம் அந்நியமாகத் தோன்றாது என்பதே இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்குக் காரணம்.

எடுத்துக்காட்டாக, ஒரு தேநீர்க் கெண்டியின் அடியில் ஐந்து முத்திரைகள் இருப்பதாகக் கொள்வோம். சாய்வெழுத்தில் 'எச்.பி.' என்னும் இரண்டு எழுத்துகள். ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம். முடி சூடிய சிறுத்தை முகம். சிறிய 'எம்' என்னும் எழுத்து. வலப்புறம் நோக்கிய ஓர் அரசனின் பக்கத் தோற்றம். இந்த ஐந்தையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் செய்தி இது: ஹெஸ்டர் பேட்மன் என்னும் பெண்மணியின் பட்டறையிலிருந்து வந்தது, ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி கொண்டது, லண்டனில் மாற்றுப் பார்க்கப்பட்டது, 1787 மே மாத இறுதிக்கும் 1788 மே மாத இறுதிக்கும் இடைப்பட்ட ஓராண்டில் முத்திரையிடப்பட்டது, அரசுக்குரிய தீர்வை செலுத்தப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு சமையலறைப் பொருளைப் பற்றி இத்தனை துல்லியமாகச் சொல்ல முடிவது வியப்புக்குரியது. இலக்கிய வரலாற்றில் ஒரு புலவரின் காலத்தை நூறாண்டு முன்பின்னாக வைத்து வாதாடிக்கொண்டிருக்கும் நமக்குச் சற்றுப் பொறாமைகூட வரலாம்.

இந்த ஐந்தும் ஒரே நாளில் வகுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு நெருக்கடியின் விளைவு. அவற்றுள் மூத்தது சிறுத்தை முகம். 1300ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னன் பிறப்பித்த சட்டம், வெள்ளிப் பொருள்கள் நாணய வெள்ளியின் தரத்துக்குக் குறையக் கூடாது என்றும், பொற்கொல்லர் தொழிலின் காப்பாளர்கள் கடை கடையாகச் சென்று சோதித்துச் சிறுத்தை முத்திரை இட வேண்டும் என்றும் விதித்தது. (சிறுத்தை என்று வழங்கினாலும் அது சிங்கமே. அன்றைய மரபுச்சின்னக் கலையின் பிரெஞ்சு மொழியில், முகத்தை நம் பக்கம் திருப்பியிருக்கும் சிங்கத்துக்குச் சிறுத்தை என்று பெயர்.) ஸ்டெர்லிங் என்று இன்றும் வழங்கும் அந்தத் தரம் பன்னிரண்டு அவுன்சில் பதினோரு அவுன்சும் இரண்டு பென்னிவெயிட்டும் வெள்ளி கொண்டது. தூய வெள்ளி மிக மென்மையானது. புழங்கும் பாத்திரத்துக்குச் சிறிது செம்பு கலந்தே ஆக வேண்டும். எவ்வளவு செம்பு என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். பொன்னுக்கு உரைகல் ஓரளவு போதும். வெள்ளிக்கு அது அத்தனை நம்பகமானதன்று.

ஆகவே புடமிட்டுப் பார்த்தார்கள். பாத்திரத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சிறிது சுரண்டி எடுத்து, எடை பார்த்து, ஈயத்தில் பொதிந்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் ஏற்றுவார்கள். ஈயமும் செம்பும் காற்றோடு கூடிக் கசடாகிச் சாம்பலுக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். எஞ்சுவது ஒரு வெள்ளி மணி. அதை மீண்டும் எடை பார்த்தால் கலப்பு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். தேறாத பாத்திரம் அங்கேயே உடைக்கப்பட்டது. உழைப்பெல்லாம் வீணாகித் துண்டுகளைத் திருப்பி எடுத்துச் சென்ற தட்டார்களின் மனநிலையை ஏடுகள் பதிவு செய்வதில்லை.

1363இல் ஒவ்வொரு பொற்கொல்லரும் தமக்கென ஓர் அடையாளம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. எழுத்தறிவு அரிதாக இருந்த காலம் அது. ஆகையால் தொடக்ககால அடையாளங்கள் பெரும்பாலும் கடைப்பலகைகளில் இருந்ததைப் போன்ற உருவங்களே. எழுத்துகள் மெல்ல மெல்லப் பிற்காலத்தில்தான் மேலோங்கின.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது 1478இல் வந்த மாற்றம். அதுவரை கடைக்குச் சென்று முத்திரையிட்ட முறை கைவிடப்பட்டு, பொருள்களை லண்டனில் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கே கொண்டுவர வேண்டும் என்றாயிற்று. மண்டபத்தில் இட்ட குறி என்பதால்தான் 'ஹால்மார்க்' என்ற பெயர். ஊதியம் பெறும் மாற்றுக்காரர் ஒருவரும் அங்கே அமர்த்தப்பட்டார். கூடவே ஆண்டுக்கு ஓர் எழுத்து என்னும் முறையும் புகுந்தது. இந்த ஆண்டெழுத்து ஏதோ பிற்காலச் சேகரிப்பாளர்களின் வசதிக்காக இடப்பட்டதன்று. தரம் குறைந்த பொருளில் முத்திரை இருப்பது பின்னாளில் தெரியவந்தால், அந்த ஆண்டில் பொறுப்பிலிருந்தவர் யார் என்று பிடிப்பதற்காக இடப்பட்டது. அதாவது, தட்டாரைக் கண்காணிக்கும் அதிகாரியைக் கண்காணிக்கும் எழுத்து அது. ஐந்நூறாண்டுகளுக்குப் பிறகு அருங்காட்சியகங்கள் அதே எழுத்தைக் கொண்டு கலை வரலாறு எழுதுகின்றன.

லண்டனில் ஏ முதல் யூ வரை, ஜே எழுத்தை விட்டுவிட்டு, இருபது எழுத்துகள் கொண்ட சுற்று. ஒரு சுற்று முடிந்ததும் மீண்டும் ஏ. ஆனால் எழுத்தின் வடிவமோ அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமோ மாறும். 1776இல் சிறிய ஏ, 1796இல் பெரிய ஏ, 1816இல் மீண்டும் சிறிய ஏ என்று அது ஓடும். எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆண்டைச் சொல்கிறவர் இருபதாண்டோ நாற்பதாண்டோ தவறிவிடக்கூடும். ஆண்டு குறிக்கப்படாத கல்வெட்டை எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பதைப் போலவே இங்கும் எழுத்தின் வளைவு, கேடயத்தின் விளிம்பு, அருகிலுள்ள சிங்கத்தின் நடை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1821க்குப் பிறகு சிறுத்தை முடி இழந்துவிடுகிறது. அதுவும் ஒரு துப்பு. இன்னொன்றையும் நினைவில் கொள்க. எழுத்து மாறும் நாள் சனவரி முதல் தேதி அன்று. பொற்கொல்லர்களின் காவல் புனிதரான டன்ஸ்டன் திருநாளாகிய மே 19ஆம் நாளும், 1660இல் முடியாட்சி மீண்ட பிறகு மே 29ஆம் நாளும் அதற்குரியவையாக இருந்தன. 1975 முதல்தான் சனவரி வந்தது. ஆகவேதான் அறிந்தவர்கள் '1787' என்று தனியே சொல்லாமல் '1787-88' என்பார்கள்.

நடக்கும் சிங்கம் 1544இல் சேர்ந்தது. எட்டாம் ஹென்றி நாணயத்தில் செம்பைக் கலந்துகொண்டே போன காலம் அது. அரசனின் காசு நம்பத் தகாததாக ஆகிக்கொண்டிருந்தபோது பாத்திர வெள்ளி மட்டும் பழைய தரத்தில் நின்றதைச் சிங்கம் அறிவித்தது. 1690களில் நிலைமை தலைகீழாயிற்று. நாணயங்களின் ஓரத்தைச் செதுக்கி எடுத்தும், நாணயங்களையே உருக்கியும் பாத்திரம் செய்தார்கள். அதைத் தடுக்க 1697இல் பாத்திர வெள்ளியின் தரம் நாணயத்தின் தரத்தைவிட உயர்த்தப்பட்டது. ஆயிரத்துக்கு 958 பங்குக்குச் சற்று மேல். சிங்கமும் சிறுத்தையும் விலகி, அமர்ந்த நிலையிலுள்ள பிரிட்டானியா என்னும் பெண்ணுருவும், கழுத்தோடு பிய்த்தெடுத்தது போன்ற சிங்கத் தலையும் வந்தன. அந்தப் புதுத்தரம் கட்டாயமாக இருந்தது 1720 வரைதான். ஆயினும் பால் டி லாமெரி போன்றவர்கள் 1730களின் தொடக்கம்வரை அதையே விரும்பிப் பயன்படுத்தினார்கள். எனவே பிரிட்டானியா உருவத்தைக் கண்டதும் 1720க்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

1720இல் பழைய தரத்தோடு கூடவே வந்தது அவுன்சுக்கு ஆறு பென்சு தீர்வை. இங்குதான் நம் வாசகத்தில் முதல் பெரிய இடைச்செருகல் நுழைகிறது. தட்டார்கள் சிறியதொரு தட்டைச் செய்து மண்டபத்துக்கு அனுப்பி, அதன் எடைக்கு உரிய சிறு தீர்வையைச் செலுத்தி முத்திரை பெறுவார்கள். பின் முத்திரையுள்ள பகுதியை வெட்டியெடுத்து, பன்மடங்கு எடையுள்ள பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றாசு வைத்து ஒட்டிவிடுவார்கள். புகழின் உச்சியிலிருந்த டி லாமெரியே இந்த வித்தையில் கைதேர்ந்தவர் என்பது ஆய்வாளர் துணிபு. விந்தை என்னவெனில் இவை தரத்தில் மோசடியானவை அல்ல. வெள்ளி நல்ல வெள்ளியே. செய்தவரும் அவரே. பொய் அரசிடம் மட்டும்தான் சொல்லப்பட்டது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முத்திரையுள்ள இடத்தில் வாயால் ஊதி ஆவி படியச் செய்தால், ஒட்டின் கோடு ஒரு கணம் வட்டமாகத் தெரிந்து மறையும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1758இல் வந்த சட்டம் அந்தத் தீர்வையைக் கைவிட்டு உரிமக் கட்டணத்தைக் கொண்டுவந்ததோடு, முத்திரையைப் போலியாகச் செய்வோருக்கு மரண தண்டனை என்றது. ஒரு மிளகளவு சிங்கத்துக்காக ஓர் உயிர். 1773இல்தான் அது பதினான்கு ஆண்டு நாடுகடத்தலாகக் குறைந்தது. அமெரிக்கப் போரின் கடன் சுமை அழுத்தவே 1784இல் தீர்வை திரும்பி வந்தது. அது செலுத்தப்பட்டதற்கான பற்றுச்சீட்டே அரசன் தலை. 1890இல் தீர்வை ஒழிந்ததோடு தலையும் மறைந்தது. ஆக, அரசன் தலை இருந்தால் பாத்திரம் 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது என்று துணியலாம்.

லண்டன் ஒன்றுதான் மாற்றுப் பார்க்கும் ஊர் என்பதில்லை. பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு முடி, 1975 முதல் ரோசா, எடின்பரோவுக்குக் கோட்டை, டப்ளினுக்கு முடி சூடிய யாழ், 1962இல் மூடப்பட்ட செஸ்டருக்கு மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளும் வாளும். பர்மிங்காமில் பெரும் தொழிற்சாலை நடத்திய மேத்யூ போல்டன், தம் சரக்கை எல்லாம் செஸ்டருக்கு அனுப்பி முத்திரை பெற வேண்டியிருந்ததையும், அது வழியில் நசுங்கித் திரும்பியதையும் சொல்லிச் சொல்லி 1773இல் தம் ஊருக்கும் ஷெஃபீல்டுக்கும் அலுவலகம் பெற்றுத் தந்தார். உள்நாட்டு ஊராகிய பர்மிங்காமுக்குக் கடல் நங்கூரம் வந்தது எப்படி? போல்டன் தரப்பினர் லண்டனில் கூடிப் பேசிய 'முடியும் நங்கூரமும்' என்னும் விடுதியின் பெயரை இரண்டு ஊர்களும் பங்கிட்டுக்கொண்டன என்று ஒரு கதை வழங்குகிறது. கதை நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

முத்திரைகள் இருந்தனவே தவிர, அவற்றைப் படிக்கும் கலை நெடுங்காலம் பொதுமக்களிடம் இல்லை. 1850களின் தொடக்கத்தில் ஆக்டேவியஸ் மோர்கன் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் ஆண்டெழுத்துகளின் அட்டவணையைத் தொகுத்து வெளியிட்டார். 1863இல் வில்லியம் சாஃபர்ஸின் நூல் வந்தது. 1905இல் வழக்கறிஞரான சார்லஸ் ஜாக்சன் ஆயிரக்கணக்கான முத்திரைகளைப் படியெடுத்துப் பெருநூலாக்கினார். லண்டன் தட்டார்களின் பதிவேடுகளைப் பெயர் பெயராக ஆராய்ந்து ஆர்தர் கிரிம்வேட் 1976இல் வெளியிட்ட நூல் இத்துறையின் தொகையகராதி எனலாம். இங்கும் ஏடுகள் தொலைந்திருக்கின்றன. பெரிய பாத்திரம் செய்வோருக்கான பதிவேட்டில் 1759 முதல் 1773 வரையிலான தொகுதி இல்லை. சிறுபொருள் செய்வோருக்கான ஏட்டில் 1739 முதல் 1758 வரை இல்லை. அந்தக் காலத்து இரண்டெழுத்துக் குறிகள் பல, ஊகத்தின் பேரில்தான் யாருக்கோ உரிமையாக்கப்பட்டிருக்கின்றன. விற்பனைப் பட்டியல்களில் 'அனேகமாக' என்ற சொல் அச்சிலிருந்து எவ்வளவு விரைவில் உதிர்ந்துவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மீண்டும் 'எச்.பி.'க்கு வருவோம். ஹெஸ்டரின் கணவர் ஜான் பேட்மன் 1760இல் காலமானார். தம் கருவிகளை மனைவிக்கு விட்டுச் சென்றார். ஐம்பதைக் கடந்திருந்த ஹெஸ்டர் 1761 ஏப்ரலில் தம் குறியைப் பதிவு செய்தார். 1790இல் ஓய்வு பெறும்வரை பட்டறையை நடத்தினார். ஆனால் 1774க்கு முன் அவருடைய குறி அரிதாகவே கிடைக்கிறது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகள் அவர் பட்டறை பிற தட்டார்களுக்குக் கூலிவேலை செய்தது. வேலை அவருடையது, குறி மற்றவருடையது. பிற்காலத்திலோ நிலை மாறியது. பட்டறை விரிந்து, மகன்களும் மருமகளும் பயிற்சியாளர்களும் கூலியாள்களும் செய்த ஆயிரக்கணக்கான பொருள்கள் 'எச்.பி.' என்ற பெயரில் வெளிவந்தன. இருபதாம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள், சிறப்பாக அமெரிக்கர்கள், ஒரு விதவைப் பெண் தம் கையாலேயே தட்டித் தட்டிச் செய்த கலைப்பொருள்கள் என்று இவற்றைக் கொண்டாடி விலையை ஏற்றினார்கள். சட்டத்தின் பார்வையில் இந்தக் குறி 'செய்தவர் இவர்' என்று சொல்லவே இல்லை. 'இதன் தரத்துக்கு நான் பொறுப்பு' என்று மட்டுமே சொல்கிறது. இன்று பிரித்தானிய வழக்கில் இதைப் பொறுப்பாளர் குறி என்றே அழைக்கிறார்கள். அதுவே சரியான பெயர். ஹெஸ்டரின் பெருமை ஒரு பெரும் பட்டறையை முப்பதாண்டு நடத்தியதில் இருக்கிறது. அதைச் சிற்றுளி பிடித்த ஒற்றை மங்கையாகச் சுருக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் எண்ணம்.

இந்தக் கேள்வி நம் ஊருக்கு வரும்போது கூர்மையடைகிறது. கம்பெனி ஆட்சியிலும் அதன்பின் முடியாட்சியிலும் இந்தியாவில் மாற்றுப் பார்த்து முத்திரையிடும் அலுவலகம் இருக்கவில்லை. (இந்திய தர நிர்ணய அமைவனம் வெள்ளிக்கு முத்திரைத் திட்டம் கொண்டுவந்தது 2005இல்தான்.) எனவே கல்கத்தாவின் ஹாமில்டன் நிறுவனம் தன் பெயரெழுத்துகளோடு யானை போன்ற உருவங்களைத் தானே பொறித்துக்கொண்டது. பார்வைக்கு ஆங்கிலேய முத்திரை வரிசை போலவே இருக்கும். சீனத்தின் கான்டன் தட்டார்கள் இன்னும் ஒரு படி மேலே போய், லண்டன் சிங்கத்தையும் சிறுத்தையையும் அரசன் தலையையும் தாங்கள் பார்த்தபடி வெட்டிப் பதித்தார்கள். கச்சு நாட்டுப் புஜ் நகரத்தின் உமர்சி மாவ்ஜி மட்டும் தம் பெயரின் முதலெழுத்துகளை நேராகப் பொறித்தார். பொருளைச் செய்தவரின் பட்டறைப் பெயரே நமக்குக் கிடைக்கும் அரிய இடங்களுள் அது ஒன்று.

சென்னையில் மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தன் பெயரையே முத்திரையாக்கியது. கடிகாரத்துக்குப் பெயர் போன இக்கடை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'சுவாமி வெள்ளி' என்று ஆங்கிலேயர் அழைத்த புடைப்பு வேலைப்பாட்டுக்கும் பெயர் பெற்றது. தேநீர்க் கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம் ஆகியவற்றைச் சுற்றிலும் திருமாலும் சிவனும் கண்ணனும் வாகனங்களோடு நிற்பார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்து சென்ற பிறகு இவ்வகைப் பாத்திரங்களுக்கு இங்கிலாந்தில் மோகம் கூடிற்று. பால் குவளையில் பெருமாளை வைக்க நம் வீடுகளில் யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். இது முற்றிலும் சீமைச் சந்தைக்கென்று பிறந்த வடிவம்.

இவை இங்கிலாந்துக்குள் எப்படி நுழைந்தன என்பதுதான் சுவையான செய்தி. அயல்நாட்டு வெள்ளியும் மாற்றுப் பார்க்கப்பட்டு முத்திரை பெற்ற பிறகே அங்கே விற்கப்பட வேண்டும் என்பது விதி. சோதனைக்காகச் சுரண்டினாலோ, தேறவில்லையென்று உடைத்தாலோ புடைப்புச் சித்திரம் என்னாவது? வணிகர்கள் முறையிட்டார்கள். 1884ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம், கையால் சித்திரவேலை செய்யப்பட்ட கீழைநாட்டுப் பாணிப் பொருள்களுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கு அளித்தது. ஆதலால் இன்று லண்டன் ஏலங்களில் வெளிவரும் சுவாமி வெள்ளியில் சிங்கமும் இருக்காது, ஆண்டெழுத்தும் இருக்காது. கடையின் பெயர் இருந்தாலுண்டு. பல பாத்திரங்களில் அதுவும் இல்லை. காலம் கணிக்க, பரிசளித்தவர் பொறித்த வாசகமோ தேதியோ கிடைத்தால்தான் உண்டு. அரக்கு இட்டு, உள்ளிருந்து தட்டிப் புடைத்து, சிற்றுளியால் கண்ணும் விரலும் திருத்திய தட்டார்களின் பெயர்கள் எந்த முத்திரையிலும் ஏறவில்லை. ஒரே தொகுதியிலுள்ள கெண்டியையும் குவளையையும் அருகருகே வைத்து, கண்ணனின் முழங்கால் மடியும் விதத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டும் ஒரே கையா, வெவ்வேறு கைகளா என்று ஓரளவு சொல்ல முடியும். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் பதிவேடு.

பழைய வெள்ளியைக் கையில் எடுக்க வாய்ப்புள்ளவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கெண்டிக்கும் அதன் மூடிக்கும் முத்திரை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு கரண்டிகளில் முத்திரைகள் மயிரிழையும் பிசகாமல் ஒரே இடத்தில், ஓரம் மழுங்கி இருந்தால், அவை ஒரே கரண்டியிலிருந்து வார்த்தெடுத்த போலிகளாக இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கையால் அடித்த முத்திரையில் சிறிது விலகல் இருந்தே தீரும். சிறு கேடயங்களுக்குள் ஈ, பி, என், எஸ் என்னும் நான்கு எழுத்துகள் இருந்தால் அது வெள்ளியே அன்று; நிக்கல் கலவையின் மேல் மின்முலாம் பூசியது. பர்மிங்காமின் எல்கிங்டன் 1840இல் காப்புரிமை பெற்ற அந்த முறை பரவிய பின், முலாம் வியாபாரிகள் தூரப் பார்வைக்கு ஹால்மார்க் போலத் தோன்றும்படியே தம் எழுத்துகளை அடுக்கினார்கள். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று போதும்; பகல் வெளிச்சம் நல்லது. கறுத்துப்போன பாத்திரத்தை முத்திரை தெரியட்டும் என்று புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சிங்கத்தின் கால்கள் முதலில் தேய்ந்துபோவது அப்படித்தான். முத்திரையுள்ள இடத்தை மட்டுமாவது வெந்நீரில் நனைத்த மென்துணியால் துடைத்துவிட்டு, உள்ளபடியே படிக்கப் பாருங்கள்.